வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணற்றுக்குப் பக்கத்தில், பனையும் காற்றாலையுமாகக் கிடக்கிற பூமியில் இருக்கிறது வடக்கன்குளம். அங்குள்ள திருக்குடும்பக் கோயிலைக் ‘கால்சட்டைக் கோயில்’ என்று சொல்வார்கள். பீடம் ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து போகின்றன. 1872ஆம் ஆண்டுக் கட்டடம். ஒரு காலில் பிள்ளைமார், முதலியார் முதலான சாதிகள், மறுகாலில் நாடார்கள். பூசை வைக்கிற சாமியாருக்கு இரு பக்கமும் தெரியும். இரு பக்கத்தாருக்கும் அவர் தெரிவார். ஆனால் ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. நடுவில் சுவர்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. ஆனால் அது எங்கே பிறந்தது, எப்படி வடக்கன்குளம் வந்தது, இடிபட்ட பிறகு எங்கே போனது என்று தேடினால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத்தின் பெரும்பகுதி வரலாற்றைக் கடந்தாக வேண்டும். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற குடும்பங்களில் பல அந்தத் தென்சீமையிலிருந்து ரயிலேறி வந்தவை. சுவரின் கதை அவர்களுடைய கதையும்தான்.

சுவருக்கு முன்னோர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சாதிப் பழக்கங்களை நாட்டு நடப்பு என்று ஏற்றுக்கொண்டால்தான் உயர்சாதியார் மதத்துக்கு வருவார்கள் என்று வாதாடினார். 1623இல் போப் 15ஆம் கிரகோரி அதற்கு இடம் கொடுத்தார். அதன் விளைவு, பிராமண சந்நியாசி வேடத்தில் ஒரு வகைச் சாமியார், மற்றச் சாதிகளுக்குப் பண்டாரச் சாமி என்று இன்னொரு வகை. பறையர் சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால் அவர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார்கள் தயங்கினார்கள். 1703இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் துர்னோன் 1704இல் இதைக் கண்டித்து ஆணையிட்டார். சண்டை 40 ஆண்டு நீண்டது. 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் முடிவாகச் சொன்னார். எந்தக் குலத்தில் பிறந்தவரானாலும் எல்லாரும் ஒரே கோயிலில், ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும்.

ரோமாபுரியிலிருந்து வந்த இந்தக் கட்டளைதான் உள்ளே நிற்கிற சுவரைத் தவிர்க்க முடியாததாக்கியது என்று நான் நினைக்கிறேன். அதுவரை தனிக் கோயில், தனி நேரம் என்று ஒதுக்கிவிட முடிந்தது. ஒரே கூரை, ஒரே நேரம் என்றதும், கட்டளையின் எழுத்தை மீறாமல் அதன் உயிரை எடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. கூரை ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளே இடுப்பளவு சுவர் ஒன்று வையுங்கள், வாசலைத் தனியாகத் திறந்துவிடுங்கள் என்று ஆனது.

புதுச்சேரியில் இது கண்முன்னே நடந்தது. புதுச்சேரி வணிகரான ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் எழுதியிருக்கிற நாட்குறிப்பில், கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் பற்றிய செய்தி இருக்கிறது. பறையர் கிறித்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய் நேராக முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, உயர்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் இதைப் படிக்கும்போது எனக்கு மனதில் நிற்பது அந்த முறையீடுதான். பெயர் பதிவாகாத அந்த மனிதர்கள் வந்து நின்று கேட்டிருக்கிறார்கள். பொறுத்துப் போனவர்கள் என்று அவர்களைப் பற்றி இன்று யாரும் சொல்ல முடியாது.

அதே காலத்தில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார், புதுச்சேரியின் பெரிய பணக்காரர், கத்தோலிக்கர். இளவயதில் இறந்த மகனின் நினைவாக ஒழுகரையில் புனித அந்திரேயாவுக்குக் கோயில் கட்டி 1745இல் பெரிய விருந்து வைத்தார். கோயிலைக் கட்டுகிற பணம் எந்தச் சாதியிடம் இருந்ததோ அந்தச் சாதியின் பேச்சு கோயிலுக்குள் எடுபட்டது. சாமியார்கள் வெறும் கோழைகள் என்று நான் எழுத மாட்டேன். அந்த ஊரில் அரிசியும் ஆளும் யாரிடமிருந்து வந்ததோ அவர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு மிஷன் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவர்களின் கடிதங்கள் சொல்கின்றன. ஆனாலும் அந்தக் கடினத்துக்கான விலையைக் கடைசியில் கொடுத்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்தாம்.

அதே 1745இல், மே மாதம், வடக்கன்குளத்தில் சேசுசபைச் சாமியார் புத்தாரி ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியான நீலகண்டன், தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மீது மேற்சாதியார் வைத்த குறைகளில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நனைந்த அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்கார ஊரில்தான் 127 ஆண்டு கழித்துக் கால்சட்டைக் கோயில் எழுந்தது. 2022இல் அவரைப் புனிதராக அறிவிக்கும்போது ரோம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை எடுத்துவிட்டது.

1680 வாக்கில் வடக்கன்குளத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு நாடார் பெண் என்பது ஊர் வரலாறு. அவரைச் சுற்றித்தான் சபை வளர்ந்தது. பிறகு வந்த பிள்ளைமார் முதலான வெள்ளாளர்களின் கைக்குக் கோயில் காரியங்கள் போயின. பீட உதவி, பாடகர் குழு, உபதேசியார் வேலை, சாவி எல்லாம் அவர்களிடம். காரணம் விளங்காததல்ல. நிலமும் கணக்கும் எழுத்தும் அவர்களிடம் இருந்தன. சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்களிடம் பனை இருந்தது.

பனையேறியின் ஒரு நாளைச் சொல்லாமல் இந்தச் சுவரின் பின்னணி விளங்காது. பங்குனி தொடங்கிப் பருவகாலம் முழுக்க, விடியுமுன் இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்புக் கலயமுமாக, ஆள் ஒன்றுக்கு 30, 40 மரம். காலையில் ஏறிப் பதநீர் இறக்கி, மாலையில் திரும்ப ஏறிப் பாளையைச் சீவி விட வேண்டும். கால் தவறினால் குடும்பம் நடுத்தெருவில். கீழே பெண்கள் விளாரும் பனைமட்டையும் போட்டுப் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார்கள். அந்தச் சீமையில் எழுகிற வீட்டுக்கு விட்டம் பனங்கட்டை, கூரை பனையோலை. நல்ல காரைச் சாந்துக்குக் கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பதும் பழைய வழக்கம். பனை இல்லாமல் அங்கே எந்தச் சுவரும் நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் அந்தக் கருப்பட்டி வண்டியேறியது. நாடார் வியாபாரிகள் மாட்டுவண்டித் தடத்தில் வடக்கே போய்ப் பேட்டைகள் வைத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். அந்த மகமைப் பணம் கிணறானது, சத்திரமானது, நூற்றாண்டின் கடைசியில் விருதுநகரில் பள்ளிக்கூடமானது. கோயிலிலும் ஆள்கணக்கு மாறியது. வெள்ளாளரை விட நாடார்கள் பல மடங்கு. பணமும் வந்தது. பின்னால் நிற்பதற்கு ஒப்ப மாட்டோம் என்றார்கள். 1872இன் இரட்டைக் கோயில் அந்தச் சண்டைக்குச் சாமியார்கள் கண்ட சமரசம். சமமான இரண்டு கால்கள், ஒரே பீடம். முன்–பின் என்றிருந்த பாகுபாடு வலம்–இடம் என்று மாறியது. நாடார் தரப்பில் அதை ஒரு படி ஏற்றம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு சமரசத்தைச் செங்கல்லால் கட்டிவிட்டால் அடுத்த தலைமுறை அதற்குள்ளேயே பிறக்கிறது. கோயில் என்றாலே இப்படித்தான் என்று குழந்தை நம்புகிறது.

ஆனால் அந்தக் குழந்தைகள் கோயிலுக்கு மட்டும் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள்.

பள்ளிக்குள் சுவர் வந்த விதம் தனி. அங்கே செங்கல் தேவைப்படவில்லை, பெஞ்சு போதும், சாப்பாட்டுக் கூடம் போதும். இன்று தாம்பரத்தில் காட்டுக்குள் இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1837இல் ஜார்ஜ்டவுன் அர்மேனியன் தெருவில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. அவர்கள் புராட்டஸ்டண்டுகள். 1838இல் அந்தப் பள்ளிக்குள் பறையர் பையன்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டது தெரிந்து, உயர்சாதிப் பெற்றோர் அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள். இல்லாவிட்டால் தனி பெஞ்சாவது போடச் சொன்னார்கள். ஆண்டர்சன் இரண்டையும் மறுத்தார். பெருங்கூட்டமாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். பள்ளி சாகவில்லை. அந்தக் கல்வி மரபில் பின்னால் படித்தவர்களில் ஒருவர், பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா. பள்ளி ஆசிரியராக இருந்து, 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காகப் பேசியவர் அவர். ஒரு பெஞ்சை மறுத்ததற்கும் ஒரு மனிதர் சட்டமன்றத்தில் எழுந்து நின்றதற்கும் நடுவே 80 ஆண்டு இருக்கிறது. கல்வியின் கணக்கு அவ்வளவு மெதுவானது.

கத்தோலிக்கத் தரப்பில் முதல் பெரிய அடி 1844. அந்த ஆண்டு பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் கூட்டிய குருக்கள் மாமன்றம் பள்ளிகளை முதல் வேலையாக எடுத்தது. துப்புய் சாமியார் பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஒரு கன்னியர் சபையையே தொடங்கினார். அதே ஆண்டு நாகப்பட்டினத்தில் சேசுசபையார் தொடங்கிய கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறி, புனித வளனார் கல்லூரியாக நிலைத்தது. அதிலிருந்து வக்கீல்களும் தாசில்தார்களும் வந்தார்கள். மதம் மாறிய பிராமண மாணவர்களுக்கென்று திருச்சியில் தனிக் குடியிருப்பே அமைத்தார்கள். ஒரு மிஷன் தன் பணத்தையும் நல்ல ஆசிரியர்களையும் எங்கே வைக்கிறது என்று பார்த்தால் அதன் நம்பிக்கை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். உயர்சாதி வந்தால் மற்றவை தானே வரும் என்ற தெ நொபிலியின் நம்பிக்கை 250 ஆண்டு கழித்தும் உயிரோடிருந்தது. தாழ்ந்த சாதியார் கூட்டம் கூட்டமாக வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓலைக்கூரையில் ஓராசிரியர் பள்ளி, ஜெபமும் ஞானோபதேசமும், கொஞ்சம் எழுத்து.

நம் செங்கல்பட்டு ஜில்லாவில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. கலெக்டர் ட்ரெமன்ஹியர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை, சொந்தமாக ஒரு வீட்டுமனைகூட இல்லாமல் மிராசுதாரை நம்பி நிற்கிறவர்களைப் பள்ளிக்கு வா என்று அழைத்தால் எப்படி வருவார்கள் என்ற கேள்வியை அரசின் மேசைமேல் வைத்தது. 1892இல் அரசு நிலம் கொடுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அங்கே தொடங்குகிறது. கூலிக்குப் போகிற பையன் புத்தகப் பையோடு போக வேண்டுமானால் முதலில் வீட்டில் ஒரு வேளைச் சோறு கூட வேண்டும். மிஷன் பள்ளிகள் எத்தனையோ இடங்களில் காலியாகக் கிடந்ததற்கு இதுதான் காரணம். சோம்பல் என்று எழுதி வைத்தவர்கள் வயலுக்குள் இறங்கிப் பார்த்ததில்லை.

நாடார்களுக்கு அந்த ஒரு வேளைச் சோறு கருப்பட்டியிலும் கடையிலும் வந்தது. அதனால் பள்ளி அவர்களுக்குப் பலித்தது. பனையேறியின் மகன் வாத்தியார் ஆனான், வாத்தியாரின் மகன் குமாஸ்தாவானான். அவர்களுக்கு மனு எழுதத் தெரிந்தது. ஆயருக்கும் கலெக்டருக்கும் யாருக்கு எந்த மொழியில் எழுத வேண்டும் என்று தெரிந்தது. சுவரில் முதல் விரிசல் விழுந்தது அந்த மனுக்களில்.

கௌசானல் என்ற பிரெஞ்சுச் சேசுசபைச் சாமியார் வடக்கன்குளத்துக்கு வந்தார். பள்ளி, அச்சகம், தொழிற்கூடம் என்று ஓயாமல் கட்டியவர். பாளையங்கோட்டையில் இருதய சகோதரர் சபையைத் தொடங்கியவரும் அவரே. அவர் காலத்தில், 1910ஐ ஒட்டி, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதே 1910இல் பொறையாரில் நாடார் மகாஜன சங்கம் உருவானதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு சாமியாரின் துணிச்சல் உண்மை. ஆனால் மறுபக்கம் பணமும் படிப்பும் சங்கமும் இல்லாதிருந்தால் அந்தத் துணிச்சலுக்கு ஆயரின் ஆதரவு கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வெள்ளாளக் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் ஆண்டகை என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிற வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. கேட்டது என்னவென்றால், சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், பீட ஊழியம் தங்களுக்கே உரியது, அவரவர் பக்கத்தில்தான் அவரவர் நிற்க வேண்டும். நீதிமன்றம் ஏற்கவில்லை. கிறித்தவக் கோயிலுக்குள் சாதியின் பெயரால் இப்படி ஓர் உரிமை கேட்க முடியாது, கோயில் ஏற்பாடு திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு என்றது. இதற்குச் சில ஆண்டு முன்னால், 1908இல், கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஒரே மக்கள், பத்தாண்டு இடைவெளிக்குள், ஒரு வாசலில் தோற்று இன்னொரு வாசலில் நின்றார்கள்.

வெற்றிதான். ஆனால் அந்தச் சுவர் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே நின்றது. அது விழுந்த பிறகு தலித் கத்தோலிக்கர் எங்கே நின்றார்கள் என்பதை அந்த வழக்கு கேட்கவேயில்லை.

அவர்களே கேட்டார்கள். 1920களின் கடைசியில் சைமன் குழுவுக்கு மனுக் கொடுத்த தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள், மாகாணத்துக் கிறித்தவர்களில் நூற்றுக்கு 60 பேர் தாங்கள் என்றும், மதம் மாறியும் தங்கள் நிலை மாறவில்லை என்றும் எழுதினார்கள். அம்பேத்கர் அந்த மனுவைத் தம் எழுத்தில் எடுத்து வைத்திருக்கிறார். கோயிலுக்குள் இருந்த கம்பித் தடுப்புகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. சுவர் அப்போது வெளியே நடந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்துக்கொண்டு நின்றது. 2010இல் சமூகப் போராளிகள் அதை இடிக்கப் போனார்கள். உயிரோடு இருப்பவர் ஒரே பெஞ்சில் உட்காரலாம், ஆனால் எலும்பு கலக்கக் கூடாது. எறையூரில் செபமாலை மாதா கோயிலை ஒட்டி, தலித் கத்தோலிக்கர் பெருந்தெரு வழியாகச் சவ ஊர்வலம் போவது, தனிப் பங்கு கேட்பது என்று தொடங்கிய பூசல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து, வன்னியக் கத்தோலிக்கர் இருவர் செத்தார்கள். சுவரைக் காக்கப் போனவர்களும் ஏழைகளே. அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இனித் தாம்பரம். விமானப்படை நிலையத்துக்கும் ரயில்வே பணிமனைக்கும் 1984க்குப் பிறகு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் கட்டியெழுப்பிய பங்குகள் இங்கே அதிகம். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. வாசகம் வாசிக்கும் முறை அன்பியம் என்கிற அக்கம்பக்கக் குடும்பக் குழுவாரியாக வருகிறது. பங்குப்பேரவையில் எல்லாரும் இருக்கிறார்கள். வடக்கன்குளத்துத் தாத்தாக்கள் இதைப் பார்த்தால் நம்பியிருக்க மாட்டார்கள். இது சாதாரணக் காரியமில்லை, இதைச் சாதித்தவர்களை மதிக்கிறேன்.

ஆனால் பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது புதுக்குடும்பத்தைப் பார்த்து ஒரு கேள்வி வரும். “அண்ணே, நமக்கு எந்த ஊரு?” ஊர் பேரைச் சொன்னதும் இரண்டாவது வரும். “அங்க எந்தத் தெரு? கோயிலுக்கு மேற்கயா, கெழக்கயா?” பதில் சொன்ன பிறகு முகம் மலர்கிறதா, பேச்சு வெயிலுக்குத் தாவுகிறதா என்று பார்த்தால் போதும். மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கும்போது, இன்னாரின் மகன், இன்னாரின் மகள், இன்ன பங்கு என்று மட்டுமே சாமியார் வாசிப்பார். விக்கினம் இருந்தால் அறிவிக்கச் சொல்வார். ஓலையில் சாதி இராது. அந்த ஓலை பீடத்துக்கு வருவதற்கு முன் சாதி தன் வேலையை முடித்திருக்கும்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கன்னியர் நடத்துகிற பள்ளியில் இடம் கிடைக்கப் பங்குக் குடும்ப அட்டையும் சாமியாரின் கடிதமும் உதவும். ஆனால் ஆங்கிலவழிக் கட்டணத்தைக் கட்டுவது அட்டையல்ல. முடிச்சூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கிற செங்கல்பட்டு, விழுப்புரம் கிராமத்துத் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தின் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது, அதே பங்கில் மூன்று தலைமுறையாகப் படித்து வந்த குடும்பத்தின் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்க்கலாம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் இன உரிமை இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. பட்டியல் இன இட ஒதுக்கீடு அந்தப் பக்கம் தடுக்கப்பட்டிருக்கையில், தங்கள் திருச்சபையின் சொந்தப் பள்ளிதான் இவர்களுக்கு மிச்சம். வடக்கன்குளத்தில் சுவரை அசைத்தது கடப்பாரைக்கு முன் படிப்பு. அந்தப் படிப்பு யாருக்கு, என்ன விலையில் என்பதை ஒவ்வொரு பங்கும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதி பாராட்டுவது நற்செய்திப் பணிக்குப் பெரும் தடை என்று நேராகச் சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். கும்பகோணம் மறைமாவட்டத்தில் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் பங்குப்பேரவையிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்திலிருந்து அது உச்ச நீதிமன்றம் போய், 2025இல் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நூறாண்டுக்கு முன் சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி ஒரு சாதி கோர்ட் படியேறியது. இப்போது படியேறியிருப்பவர்கள், 1745இல் புதுச்சேரியில் பெரிய சாமியாரின் முன் வந்து நின்று கேட்டவர்களின் வழிவந்தவர்கள்.